வாயால் காட்டுங்கள்

மிதித்தால் கிய்யாங்.
விட்டால் கிய்யீ.
தரமணி சிக்னலில் பக்கத்து பைக் ஆள்
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி
எங்கள் வண்டிக்குள் பூனையைத் தேடினார்.

ஓட்டுவது ஞானசீலன்.
அவனுக்குக் காது கேட்காது,
ஆறு வயதுக் காய்ச்சலோடு போயிற்று.
அதனால் ஊருக்கே கேட்கும் கிளட்ச்
வண்டிக்குள் எனக்கு மட்டும்தான் கேட்கிறது.

எல்லாம் அந்த டிசம்பர் தண்ணீர்.
வேளச்சேரியில் சீட்டு நனைய நனைய
மூன்று கார்கள், ஒரு பால் வேன்,
கயிறு கட்டி இழுத்தது எங்கள் இருபத்தெட்டு வயது ஜீப்.
தெரு எது ஏரி எது என்று தெரியாத தண்ணீர்
பெடலின் மூட்டுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு
வற்றும்போது துருவை வைத்துவிட்டுப் போனது.
மற்ற வீடுகளில் சுவரில் ஒரு கோடு.
எங்களுக்கு இந்தச் சத்தம்.

முதலில் தேங்காய் எண்ணெய் விட்டேன்,
கைக்குக் கிடைத்தது அதுதான்.
இரண்டு நாள் வண்டி முழுக்கத் தலைவாரிய வாசனை,
மூன்றாம் நாள் கிய்யாங்.
பிறகு தையல் மிஷின் எண்ணெய்.
பிறகு புஸ்ஸென்று பீய்ச்சும் டப்பா.
சத்தம் நின்றது.
நின்றுவிட்டது என்று அவன் தோளைத் தட்டிச் சொன்னேன்.
இல்லை என்று கையசைத்தான்.
காலில் இருக்கிறது என்றான்.
ஒரு கையின் முஷ்டியை
மறு கையின் உள்ளங்கையில் வைத்துத் திருகினான்,
நடுவில் மணல் அரைபடுகிற மாதிரி.

நான் நம்பவில்லை.
காது உள்ளவள் நானல்லவா.

வியாழன் இரவு மழை.
வெள்ளிக் காலை கிய்யாங்.

புதுப்பேட்டையில் வண்டி நிறுத்த இடமேது.
கூவம் ஓரமாக ஜீப்பை விட்டுவிட்டு
சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தோம்.
கதவுமேல் கதவு, பம்பர்மேல் பம்பர்,
ஒரு கடை முழுக்க ஸ்டீயரிங் மட்டும்.

"கிளட்ச் கத்துதுங்க."
"எப்படிக் கத்துது? வாயால காட்டுங்க."
நடுத்தெருவில், நாற்பத்தொரு வயதில், கைப்பையோடு
கிய்யாங் என்றேன்.
எதிர்க்கடைப் பையன் சிரிக்கவே இல்லை.
"கிய்யாவா, க்ரீச்சா?"
க்ரீச் என்றால் ஸ்பிரிங்காம்.
கிர்ர் என்றால் பேரிங், கியர்பாக்ஸை இறக்கணும், எட்டாயிரம்.
கடைசியில் டொக் என்று முடியுதா என்றார்
யாரும் கேட்காமலே, பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர்.
கொஞ்ச நேரத்தில் அந்த முக்கில்
நான்கு ஆண்களும் நானும்
ஆளுக்கொரு கிளட்ச்.

மீன்தொட்டியைப் பார்ப்பவன்போல
எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தான் ஞானசீலன்.
பிறகு கைகளை எடுத்தான்.
உள்ளங்கை. முஷ்டி. மணல்.
அப்புறம் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்து
இப்படியும் அப்படியும் ஆட்டினான்:
தண்டு, குழிக்குள் தளர்ந்து ஆடுகிறது.

ஹயாத் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
"புஷ் தேஞ்சுபோச்சு.
இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

பித்தளை வளையம் இரண்டு, நூற்று நாற்பது ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில்
தலை பெடலடியில், கால்கள் கதவுக்கு வெளியே,
தலைகீழாகக் கிடந்தான்.
அங்கிருந்து என் கைகள் அவனுக்குத் தெரியாது.
கெண்டைக்காலில் ஒரு தட்டு என்றால் பொறு,
இரண்டு என்றால் ஸ்பானர் வருகிறது.
மூன்றாவது மாடி மாமி குப்பைக் கூடையோடு நின்று
ஏன் அவரை அடிக்கிறாய் என்றாள்.
காட்டர் பின் உடைந்தே வந்தது.
பழைய வளையம் வட்டத்தை மறந்து முட்டையாகியிருந்தது.
அதற்குப் பின்னால் காய்ந்த சேறு,
சேற்றில் கடுகளவு ஒரு நத்தை ஓடு.

கிரீஸ் பூசி எல்லாம் மாட்டியபின்
புருவத்தைத் தூக்கிக் கேட்டான்: சத்தம்?
நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி
வெறுங்காலால் மிதித்தேன்.
தயிருக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது.
அவனைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்,
மணல் இல்லை.

திங்கட்கிழமை தரமணி சிக்னலில்
ஒருவரும் திரும்பவில்லை.
பின்னால் எங்கேயோ டொக் என்றது போலிருந்தது.
சொல்லவில்லை.
முதலில் அவன் முதுகு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.